தன் கதையும் பிறர் மானமும்

சுயசரிதை எழுதுகிறவர் தன் கதையைத்தான் எழுதுகிறார் என்பது பேச்சுக்குச் சொல்வது. தாய், தகப்பன், மனைவி, கூட்டாளி, பகையாளி என்று இருபது முப்பது பேருடைய கதையையும் அவர் சேர்த்தே எழுதிவிடுகிறார். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. கேட்டால் பாதிப்பேர் தரவும் மாட்டார்கள். அப்படியாயின் மற்றவர்களின் மானத்தில் கைவைக்க அவருக்கு உள்ள உரிமை எவ்வளவு? இந்தப் பழைய கேள்வியை அண்மையில் எனக்குள் கிளறிவிட்ட நூல், இந்தப் பக்கங்களில் பேசப்படும் என்று வாசகர்கள் எதிர்பார்த்திராத ஒருவருடையது. றோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேய றொக் இசைக்குழுவின் கிற்றார் கலைஞர் கீத் றிச்சர்ட்ஸின் ‘லைஃப்’. 2010 ஒக்டோபரில் வெளிவந்தது.

றொக் இசைக்காரருக்கு இங்கே என்ன வேலை என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். எனக்கும் அந்த இசைக்கும் உள்ள உறவு பெரிதொன்றுமில்லை. ஆசிரியர் கலாசாலை விடுதியில் என்னோடு தங்கியிருந்த ஒருவரிடம் பழைய ஒலிநாடாக்கள் சில இருந்தன. படிப்பு முடிந்த இரவுகளில் போட்டுக் கேட்பார். பாடுகிறவர் சொல்வது பாதி விளங்காது. கிற்றாரின் முதல் நாலைந்து தட்டல்கள் மாத்திரம் காதில் ஒட்டிக்கொண்டு அடுத்த நாள் வகுப்பிலும் கேட்கும். அதை வாசித்தவரின் பெயரை அன்று நான் கேட்டுக்கூட வைக்கவில்லை. பல வருடங்களின் பின் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த பழைய மாணவர் ஒருவர், திரும்பிப் போகும்போது சுமை குறையட்டும் என்று இந்தத் தடித்த நூலை என்னிடம் விட்டுச் சென்றார். நூலை வாசித்து முடித்ததும் அதைப்பற்றி ரசிகர்களும் விமர்சகர்களும் எழுதியவற்றையும் தேடி வாசித்தேன். நூலைவிட அந்த வாதப் பிரதிவாதங்கள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தன.

விடயம் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். லண்டனுக்குக் கிழக்கே கென்ட் பகுதியில் டாட்ஃபர்ட் என்றொரு ஊர். மிக் ஜேகர் 1943 ஜூலையிலும் கீத் அதே வருடம் டிசம்பரிலும் அங்கே பிறந்தவர்கள். ஒரே ஆரம்பப் பாடசாலையில் படித்துப் பிரிந்து, 1961இல் அவ்வூர்ப் புகையிரத நிலையத்தில் மறுபடி சந்தித்தார்கள். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களான சக் பெரியும் மடி வோட்டர்ஸும் வெளியிட்ட இசைத்தட்டுகள் மிக்கின் கையில் இருந்தன, அதைக் கண்டு கீத் கதைக்கத் தொடங்கினார் என்பது உலகறிந்த கதை. 1962இல் பிரையன் ஜோன்ஸ் என்ற இளைஞர் ‘ஜாஸ் நியூஸ்’ பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஒரு குழுவைத் திரட்டினார். அதில் இவர்கள் இருவரும் சேர்ந்தார்கள். மடி வோட்டர்ஸின் பாட்டொன்றின் தலைப்பிலிருந்து குழுவுக்குப் பெயர் எடுத்துக் கொடுத்தவரும் பிரையன்தான். பின்னர் பில் வைமன் வந்தார், சார்லி வொட்ஸ் வந்தார். இன்று அறுபது வருடங்களைத் தாண்டிவிட்டது அந்தக் குழு.

அந்தப் புகையிரத நிலையக் கதையை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். 1962இல், பதினெட்டு வயதில், உறவுக்காரப் பெண்மணி ஒருவருக்கு கீத் எழுதிய கடிதம் இந்நூலில் அச்சாகியிருக்கிறது. சந்திப்பு நடந்து சில மாதங்களுக்குள் எழுதிய கடிதம் அது. அதில் இசைத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர் கீத்! கிட்ட வந்தவர் மிக். அதே நூலில் முதிய கீத் அச்சம்பவத்தைச் சொல்லும்போது தட்டுகள் மிக்கின் கக்கத்துக்கு மாறிவிடுகின்றன. இருவரிடமும் தட்டுகள் இருந்திருக்கலாம். யாரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஐம்பது வருடமாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதை, சொல்ல வசதியான உருவத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. அவ்வளவுதான். நூலின் அட்டையிலோ தான் எதையும் மறக்கவில்லை என்று கீத் அடித்துச் சொல்கிறார். மறக்காமல் இருந்திருக்கலாம். மறக்காமல் இருப்பதும் நடந்ததை நடந்தபடியே வைத்திருப்பதும் ஒன்றா?

இசைத்தட்டு யார் கையில் இருந்தால் நமக்கென்ன என்று விட்டுவிடலாம். ஒரு மனிதனின் மானம் யார் கையில் இருக்கிறது என்று வரும்போது அப்படி விட முடிவதில்லை.

நூல் வெளிவந்த நாட்களில் பத்திரிகைகள் தலைப்பாக்கியது இசையைப் பற்றிய பகுதிகளை அல்ல. அவை இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிற்றாரில் ஒரு நரம்பைக் கழற்றிவிட்டு ஐந்து நரம்புகளை வேறு சுருதியில் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டதை கீத் விவரிக்கும் பக்கங்கள் இசை தெரியாத என்னையே இழுத்து வைத்திருந்தன. தலைப்புகளில் வந்தது மிக்கைப் பற்றி அவர் சொன்னவைதான். 1980களின் ஆரம்பத்திலிருந்து மிக் சகிக்க முடியாதவராகிப் போனார். குழுவைத் தன் சொந்தச் சொத்துப்போல் நடத்தினார். குழுவுக்கான பெரிய ஒப்பந்தத்தின் உள்ளே தன் தனித்தட்டுகளுக்கும் ஒப்பந்தம் செய்துகொண்டார். ‘சேர்’ பட்டத்தை ஏற்றுக்கொண்டார். நாங்கள் அவர் இல்லாத இடத்தில் ஒரு பெண்ணின் பெயரைப் பட்டப்பெயராக வைத்துக் கதைத்துச் சிரித்தோம். இப்படிப் போகிறது. மிக்கின் உடலைப் பற்றிக் கொச்சையான பகிடி ஒன்றும் உண்டு. அதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பகிடிக்குப் பின்னால் பழைய காயம் ஒன்று உள்ளது. 1968இல் ‘பெர்ஃபோமன்ஸ்’ என்ற திரைப்படம் எடுக்கப்பட்டபோது, தன் துணைவியாக இருந்த அனிட்டா பலன்பேர்க்குடன் மிக் உறவு வைத்துக்கொண்டார் என்பது கீத்தின் நம்பிக்கை. 2017இல் காலமான அனிட்டா அதனை மறுத்தே வந்தார். நாற்பத்திரண்டு வருடங்கள் கழித்து அதற்கான பழியை ஒரு பகிடியில் தீர்த்துக்கொள்கிறார் கீத்.

ரசிகர்கள் பிரிந்து நின்றார்கள். ஒரு சாராருக்கு கீத்தான் குழுவின் ஆத்மா. உள்ளதை உள்ளபடி சொல்கிறவர், மிக் கணக்குப் பார்க்கிற வியாபாரி. மறுசாராரோ, கீத் போதையில் விழுந்து கிடந்த பத்து வருடமும் குழுவைக் கவிழாமல் காப்பாற்றியது அந்த வியாபாரிதானே என்று கேட்டார்கள். பிரையன் ஜோன்ஸை மறக்காத சிறு கூட்டம் ஒன்று இருவர் மேலும் கோபமாக இருந்தது. இவர்களுள் முதற் சாராரின் வாதந்தான் என்னை நிறுத்தியது. கீத் தன்னைப் பற்றியே இவ்வளவு கேவலமானவற்றை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார், தன்னையே காட்டிக்கொடுக்கிறவர் மற்றவரைப் பற்றிப் பொய் சொல்வாரா என்பது அவர்களின் கேள்வி.

நான் இருபது வருடமாகப் பிள்ளைகளின் சண்டைகளை விசாரித்து வருகிறவன். இரண்டு பொடியன்மார் சண்டை பிடித்துவிட்டு வந்து நிற்பார்கள். ஒருவன், “நானும் அடிச்சதான் சேர்” என்று தொடங்குவான். மற்றவன் வாய் திறக்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். என் மனம் உடனே முதலாமவன் பக்கம் சாய்ந்துவிடும். தன் பிழையை ஒத்துக்கொண்டவன், நேர்மையான பிள்ளை. அதன் பிறகு மற்றவனைப் பற்றி அவன் சொல்வதெல்லாம் எனக்கு உண்மையாகவே கேட்கும். அவன் ஒத்துக்கொண்ட பிழை எவ்வளவு, மற்றவன் மேல் போட்ட பிழை எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க எனக்கு ஐந்தாறு வருட அனுபவம் தேவைப்பட்டது. “நானும் அடிச்சதான்” என்பது சில வேளை சத்தியத்தின் முதல் வரி. சில வேளை, மிகுதி முழுவதையும் நம்ப வைப்பதற்குக் கொடுக்கும் சிறிய முற்பணம். அந்தப் பிள்ளைக்கே அது தெரிந்திருப்பதில்லை என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

கீத் ஒத்துக்கொள்கின்ற பிழைகளை இந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். ஹெரோயின், பொலிஸ் சோதனைகள், நித்திரையின்றிக் கழித்த நாட்கள். 1977 பெப்ரவரியில் கனடாவின் டொரொண்டோ நகரில் பிடிபட்டு, ஆயுட்கால மறியலும் வரலாம் என்ற நிலைக்குப் போய், ஈற்றில் ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடும் கண்பார்வையற்றோருக்காக ஒரு நிகழ்ச்சி நடத்த வேண்டுமென்ற கட்டளையோடும் தப்பிய கதை. இவற்றை எழுதுவதால் அவருக்கு என்ன நட்டம்? எதுவுமில்லை. இந்தக் கதைகளால்தான் அவர் ‘கீத் றிச்சர்ட்ஸ்’ ஆனார். ரசிகன் காசு கொடுத்து வாங்குவதும் இவற்றைத்தான். ஒரு கடைக்காரர் தன் கடையில் அதிகம் விலைபோகும் சாமானைக் காட்டிவிட்டு, பார்த்தீர்களா, நான் எதையும் ஒளிக்கவில்லை என்றால் நாம் சிரிப்போம். நூலிலே வரும்போது சிரிக்காமல் நம்பிவிடுகிறோம்.

ஆனால் நூலில் வேறுவகையான இடங்களும் இருக்கின்றன. 1976 ஜூன் மாதம் குழு ஐரோப்பாவில் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஜெனீவாவில் தாயோடு இருந்த இரண்டு மாதக் கைக்குழந்தை தொட்டிலிலேயே இறந்துபோன செய்தி பரிஸில் நின்ற கீத்துக்கு வருகிறது. அன்றிரவும் அவர் மேடையேறுகிறார். பிறந்த பிள்ளையை விட்டுவிட்டு வந்ததற்குத் தன்னை மன்னிக்கவே முடியவில்லை என்று எழுதுகிறார். அந்த இடத்தில் பகிடி இல்லை. வழமையான வீறாப்பும் இல்லை. அதே சுற்றுப் பயணத்தில், ஏழு வயதும் நிரம்பாத மூத்த மகன்தான் தகப்பனை நித்திரையால் எழுப்பிவிடும் வேலையைப் பார்த்தான் என்றும் எழுதுகிறார். இதை அவர் ஒருவிதச் செல்லச் சிரிப்போடு சொல்வதாகவே எனக்குப்பட்டது. தரம் இரண்டில் இருக்க வேண்டிய பிள்ளை அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னோரிடம். போதையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, அத்தனை காலமும் பாரத்தைச் சுமந்தவர் மிக்தான் என்பதை கீத் ஒத்துக்கொள்கிறார். இனி நானும் தோள் கொடுக்கிறேன் என்று போனபோது மிக் விடவில்லை என்பது அவரது முறைப்பாடு. இந்த இரண்டு வசனங்களுள் முதலாவதை நான் முழுமையாக நம்புகிறேன். அது அவருக்குப் பாரமான வசனம். மிக்கை வில்லனாக்க உதவாத வசனம். இரண்டாவதை மிக்கின் பக்கத்திலிருந்தும் கேட்க வேண்டும். பத்து வருடம் நம்ப முடியாதவராக இருந்த கூட்டாளி ஒருநாள் வந்து சாவியைத் தா என்றால் உடனே கொடுத்துவிட நம்மில் எத்தனை பேர் தயார்? ஒருவர் சொல்லும் உண்மையை, அதைச் சொல்வதால் அவர் எதை இழக்கிறார் என்று பார்த்து மதிப்பிட வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்தது இந்தப் பக்கங்களை வாசித்த இரவில்தான்.

மிக்கின் பக்கத்திலிருந்து கேட்கலாம் என்றால் மிக் எழுதவேயில்லை. 1980களின் ஆரம்பத்தில் லண்டனின் வெய்டன்ஃபெல்ட் அன்ட் நிக்கல்சன் பதிப்பகம் அவரது சுயசரிதைக்குப் பெருந்தொகை முற்பணம் கொடுத்திருந்தது. அவர் கொஞ்சம் முயன்று பார்த்துவிட்டு, சரிவரவில்லை என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிற்காலத்தில் கீத்தின் நூலை இங்கிலாந்தில் வெளியிட்டதும் அதே பதிப்பகந்தான். ஒருவர் காசைத் திருப்பிக் கொடுத்து வாயை மூடிக்கொண்டார். மற்றவர், பத்திரிகைகள் எழுதியபடி 70 இலட்சம் டொலருக்கும் அதிகமான முற்பணத்தை வாங்கிக்கொண்டு வாயைத் திறந்தார். பேசாதவரின் பெயர் பேசியவரின் கையில் போய்ச் சேர்ந்தது.

2010 நவம்பரில் நடந்த வேடிக்கை ஒன்றையும் சொல்ல வேண்டும். கீத்தின் நூலை வாசித்துவிட்டு மிக் எழுதிய பதில் என்ற பாவனையில் நீண்ட கட்டுரை ஒன்று அமெரிக்க சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. கூட்டாளியின் அடிமைப் பழக்கத்தோடு பல வருடம் வாழ்ந்தவனின் சலிப்பும், எல்லாவற்றையும் மீறி அவன் இசைமேல் உள்ள மரியாதையும் கலந்த கட்டுரை. அதை எழுதியவர் ஓர் இசை விமர்சகர். அவருடைய பெயரும், குழுவின் பழைய உறுப்பினரின் பெயரைப் போலவே, பில் வைமன்! அது கற்பனை என்று தெரியாமல் பலர் மிக்கே எழுதியதாக நம்பிவிட்டார்கள். ஏமாந்தவர்களை நான் பகிடி பண்ணமாட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற பொடியனின் கதையைக் கேட்க அவர்கள் எவ்வளவு ஆவலாக இருந்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. மிக் எழுதாததை ஒரு அந்நியர் எழுத வேண்டியிருந்தது.

இதற்காக மௌனத்தைப் பெரிய பண்பாக்கிவிடவும் நான் விரும்பவில்லை. மௌனம் மற்றவனைக் காக்கிறது, தன்னையும் காத்துக்கொள்கிறது. ஆனால் மிக்கும் வாய்திறந்த ஓரிடம் எனக்குத் தெரியும். ‘றூபி ரியூஸ்டே’ என்ற 1967ஆம் வருடப் பாட்டு, ஏனைய அநேக பாட்டுகளைப் போல ஜேகர் - றிச்சர்ட்ஸ் என்ற இரட்டைப் பெயரில் பதிவானது. அதன் மெட்டையோ வரிகளையோ தான் எழுதவில்லை என்று 1995இல் ஒரு நேர்காணலில் மிக் சொன்னார். அவருடைய பெயரில் இருக்கின்ற ஒன்றை, யாரும் நெருக்காமல், என்னுடையதல்ல என்றார். ரசிகர்களின் விவாதத்தில் இந்த வசனத்துக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். கீத்தின் நூலுக்குக் கிடைத்த ஆரவாரத்தில் நூறில் ஒரு பங்கு அதற்குக் கிடைத்திருக்கலாம்.

அதே பாட்டுத்தான் பிரையனிடமும் நம்மைக் கொண்டுபோகிறது. அந்தப் பாட்டில் ஊதப்படும் குழல் பிரையனுடையது. ‘பெயின்ட் இட் பிளாக்’ பாட்டில் சித்தார் வாசித்தவரும் அவரே. எந்த வாத்தியத்தை எடுத்தாலும் சில நாட்களில் வசப்படுத்திக்கொள்வார் என்கிறார்கள். ‘றூபி ரியூஸ்டே’யின் மெட்டில் அவருக்குப் பங்கு இருந்தது என்று அப்போது மிக்கின் துணைவியாக இருந்த பாடகி மரியான் ஃபெயித்ஃபுல் எழுதியிருக்கிறார். பதிவேட்டில் பிரையனின் பெயர் இல்லை. 1969 ஜூன் மாதம் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். ஜூலை 3ஆம் திகதி சசெக்ஸில் தன் வீட்டு நீச்சல் தடாகத்தில் இறந்து கிடந்தார். வயது இருபத்தேழு. தவறுதலாக நேர்ந்த மரணம் என்று மரண விசாரணை முடிந்தது. கொலையென்ற சந்தேகங்கள் பிறகும் அடங்கவில்லை. சசெக்ஸ் பொலிஸார் 2009இல் மீளாய்வு தொடங்கி, புதிய விசாரணைக்கு ஆதாரம் போதாது என்று அடுத்த வருடம் முடித்துக்கொண்டார்கள்.

கீத்தின் நூலில் அதிகம் அடிவாங்குவது மிக் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மிக்குக்குப் பத்திரிகை இருக்கிறது, சட்டத்தரணி இருக்கிறார், வேண்டுமென்றால் பதில் எழுத வயதும் இருந்தது. பிரையனுக்கு ஒன்றுமில்லை. தலைவர் என்ற பெயரில் மற்றவர்களுக்குத் தெரியாமல் வாரம் ஐந்து பவுண் கூடுதலாக வாங்கினார், புகழ் பைத்தியம் பிடித்தவர், பெண்களுக்குக் கை நீட்டினார் என்கிறது நூல். குழுவை உண்மையில் உருவாக்கியவர் பிரையன் அல்ல, பியானோக்காரர் இயன் ஸ்டூவர்ட் என்பது கீத்தின் கட்சி. ஸ்டூவர்ட்டைப் பற்றி அவர் எழுதியிருப்பவை அழகானவை. தோற்றம் பொருந்தவில்லை என்று 1963இல் முகாமையாளர் அவரைப் படங்களிலிருந்து நீக்கியபோது, முறைப்படாமல் குழுவின் சாமான்களை ஏற்றியிறக்கிக்கொண்டு 1985இல் சாகும்வரை கூடவே இருந்த மனிதர் அவர். ஒரு மரணித்தவரை உயர்த்த இன்னொரு மரணித்தவரைத் தாழ்த்த வேண்டியிருந்ததா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. 1990இல் வெளிவந்த பில் வைமனின் நூல் பிரையனை இவ்வளவு சிறியவராகக் காட்டவில்லை. வைமன் நாட்குறிப்பு எழுதி வந்தவர். நினைவை மாத்திரம் நம்பியிருந்தவர் அல்லர்.

நமது ஊர்களில் மையத்து வீட்டில் யாரும் மரணித்தவரின் குறையைக் கதைப்பதில்லை. நல்ல வழக்கம் அது. ஆனால் பெண்களுக்கு அடித்தார் என்ற விடயத்தில் அந்த வழக்கம் எனக்கு உதவவில்லை. பிரையன் தனக்கு அடித்ததை அனிட்டாவே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இறந்தவரின் மானத்துக்காக அதை மறைத்தால், அடிவாங்கியவளின் வாயை இரண்டாந்தடவை பொத்துவதாகிவிடும். ஆகவே கீத் சொன்னது பிழை என்று என்னால் சொல்ல முடியாது. எனக்குள்ள தடங்கல் வேறு. 1967இல் எல்லோரும் மொறொக்கோவுக்குப் போயிருந்தபோது, மராகேஷ் நகரின் சந்தைச் சதுக்கத்தில் வாத்தியக்காரர்களைக் கேட்கவென்று பிரையன் வெளியே போயிருந்த நேரத்தில், அவரை அங்கேயே விட்டுவிட்டு அனிட்டாவைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டவர் இந்தக் கீத்தான். பிரையன் கெட்டவராக இருந்தால்தான் அந்தப் பயணம் நியாயமாகும். சாட்சி உண்மையைச் சொல்கிறார், அந்த உண்மை அவருக்குத் தேவையாகவும் இருக்கிறது. இப்படிப்பட்ட சாட்சியத்தைத் தள்ளிவிடவும் முடியாது, அதையே தீர்ப்பாக எழுதிவிடவும் முடியாது. கணிதத்தில் ஒரு பிள்ளை சரியான விடையைப் பிழையான வழியில் எடுத்து வந்தால் பாதிப் புள்ளி போடுவோம். இதற்கு எத்தனை போடுவது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பேசுவதால் ஒரு மானம் திரும்பக் கிடைத்த இடமும் நூலில் உண்டு. 1967 பெப்ரவரியில் கீத்தின் வீட்டைப் பொலிஸார் சோதனையிட்டபோது அங்கிருந்த ஒரே பெண் மரியான் ஃபெயித்ஃபுல். வழக்கில் கீத்துக்கு ஒரு வருடமும் மிக்குக்கு மூன்று மாதமும் சிறை விதிக்கப்பட்டு மேன்முறையீட்டில் மாறியது. ஆண்கள் இருவரும் வீரர்களாக வெளியே வந்தார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி அருவருப்பான வதந்தி ஒன்று பரவி, 2025 ஜனவரியில் அவர் இறக்கும்வரை கூடவே வந்தது. அது வெறும் புளுகு என்பதை அங்கிருந்த ஒருவராக கீத் எழுதியிருக்கிறார். நூலுக்கு நான் மனதார நன்றி சொல்லும் பக்கங்களில் அதுவும் ஒன்று. ரசிகர்கள் அந்தப் பக்கத்துக்காகவும் சண்டை பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. மிக்கின் உடலைப் பற்றிய பகிடிக்குத்தான் பிடித்தார்கள்.

சார்லி வொட்ஸ் பற்றிய கதை ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1984இல் அம்ஸ்டர்டாமில் ஓர் அதிகாலை, குடித்திருந்த மிக் தொலைபேசியில் சார்லியின் அறைக்கு எடுத்து, என்னுடைய மேளக்காரன் எங்கே என்று கேட்கிறார். சார்லி முகம் வழித்து, கோட் சூட் அணிந்து, சப்பாத்துப் போட்டு இறங்கி வந்து மிக்குக்கு ஓர் அடி கொடுக்கிறார். மிக் திறந்திருந்த யன்னலை நோக்கிச் சரிகிறார், கீழே கால்வாய். கீத் பிடித்து இழுத்துக் காப்பாற்றுகிறார். ஏனென்றால் மிக் அணிந்திருந்தது தன்னுடைய கல்யாணக் கோட்! இந்தக் கதையைச் சொல்லாத ரசிகர் இல்லை. சார்லி நல்லவர், மிக் அகங்காரி என்பதற்கு இதுவே அத்தாட்சி என்பார்கள். ஆனால் அடித்தவர் என்ன சொன்னார்? அது தனக்குப் பெருமையான விடயமல்ல, குடித்திராவிட்டால் செய்திருக்கவே மாட்டேன் என்றார் சார்லி. அவர் வெட்கப்பட்ட ஒன்றை மற்றவர்கள் அவருக்குப் பதக்கமாகக் குத்திவிட்டார்கள். மானத்தைக் கெடுப்பது போலவே, ஒருவர் விரும்பாத புகழை அவர் தலையில் கட்டுவதும் நடக்கிறது. 2021 ஓகஸ்ட்டில் சார்லி இறந்தபோது வந்த அஞ்சலிகள் பலவற்றில் அந்த அடிதான் முன்னுக்கு நின்றது.

2012இல், குழுவின் ஐம்பதாம் வருட விழாவுக்கு முன்பாக, நூலின் சில பகுதிகள் மிக்கைப் புண்படுத்திவிட்டன, அதற்காக வருந்துகிறேன் என்று கீத் வெளிப்படையாகச் சொன்னார். அதைப் பற்றியும் சர்ச்சை உண்டு. கச்சேரிக் காசுக்காகச் சொன்ன மன்னிப்பு என்றவர்கள் உண்டு. இருக்கலாம். அது என் கதை, பச்சையாகச் சொல்லத்தான் வேண்டியிருந்தது என்ற முன்னுரையோடுதான் அந்த வருத்தம் வந்தது. நூலோ அச்சில் இருக்கிறது, வருத்தம் ஒரு பழைய பத்திரிகையில் இருக்கிறது. மிக்கும் அதற்குமேல் அதை நீட்டவில்லை.

இடையில் நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். 1968இல், மராகேஷில் கைவிடப்பட்டு ஒரு வருடத்துக்குப் பின், பிரையன் மறுபடியும் மொறொக்கோ போனார். றிஃப் மலையடிவாரத்திலுள்ள ஜஜூக்கா என்ற கிராமத்தில், தலைமுறை தலைமுறையாக ஸியாரத்தோடு சேர்ந்து வாழும் குழல் வாத்தியக்காரரின் இசையை ஒலிப்பதிவு செய்துகொண்டு வந்தார். அவர் இறந்து இரண்டு வருடத்தின் பின் 1971இல்தான் அது இசைத்தட்டாக வந்தது. மிக்கும் கீத்தும் பெரிய சண்டை ஓய்ந்து 1989இல் மறுபடி சேர்ந்து ஒரு தட்டு வெளியிட்டபோது, அதிலே ஒரு பாட்டுக்காக டான்ஜியர் நகரத்துக்குப் போய் அதே கிராமத்து வாத்தியக்காரர்களோடு வாசித்தார்கள். அந்த வழியைக் காட்டிக்கொடுத்தவர் யார் என்று இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்யவில்லை. போனார்கள், வாசித்தார்கள்.

2023 ஒக்டோபரில் அவர்களின் புதிய தட்டு வந்தது. இறப்பதற்கு முன் சார்லி வாசித்துவைத்த இரண்டு பாட்டுகள் அதில் உள்ளன. முப்பது வருடங்களுக்கு முன் விலகிப்போன பில் வைமனும் ஒரு பாட்டுக்கு வந்து வாசித்திருக்கிறார். கடைசிப் பாட்டில் மேளம் இல்லை, வேறு யாருமில்லை. கீத்தின் கிற்றார், மிக்கின் குரலும் மவுத் ஓர்கனும் மாத்திரம். எண்பதைத் தொட்ட இரண்டு கிழவர்கள். பாட்டு மடி வோட்டர்ஸுடையது. பிரையன் குழுவுக்குப் பெயர் எடுத்துக் கொடுத்த அதே பாட்டு. பழைய மாணவர் அதைத் தன் கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டினார். யாருடைய கையில் அந்த இசைத்தட்டு இருந்தது சேர் என்று கேட்டார். நூலை எடுத்து இரண்டு பக்கங்களையும் அவருக்குக் காட்டினேன்.